வால்வு ஹெட்போன் ஆம்ப்: பழசும் புதுசும் ஒரே மேசையில்

என்னிடம் இரண்டு ஹெட்போன் ஆம்ப் இருக்கின்றன, அதாவது ஹெட்போனுக்குச் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர்கள். ஒரே நிறுவனம், ஒரே மாடல் பெயர், உள்ளே ஒரே வகை வால்வுகள், டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்துக் கண்ணாடிக் குழாய்கள். ஒன்று 2008-இல் செய்த முதல் பதிப்பு, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மற்றது அதன் மூன்றாம் பதிப்பு, சீல் உடைக்காத பெட்டியில் வந்தது. எட்டு மாதமாக இரண்டும் என் மேசையில் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. மிச்சம் இருக்கும் இடத்தில்தான் நான் வேலை பார்க்கிறேன்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பழைய ஆம்பில் நான் கண்ட குறைகளில் எது செய்தவர்களுடையது, எது இத்தனை வருடச் சூட்டின் வேலை, எது முன்பு வைத்திருந்தவரின் கைவண்ணம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. தவிர, இங்கே சொல்வதில் பெரும்பகுதி இந்த இனத்தைச் சேர்ந்த எல்லா ஆம்புக்கும் பொருந்தும். டார்க்வாய்ஸ் 336எஸ்இ, நாமே பூட்டிக்கொள்ளும் கிட்டாக வரும் பாட்டில்ஹெட் கிராக், ஃபெலிக்ஸ் ஆடியோவின் யூஃபோரியா எல்லாம் இதே குடும்பம்தான்.

எனக்கு வால்வு ரேடியோ நினைவெல்லாம் கிடையாது. கூடத்து மூலையில் பச்சைக் கண் மின்னியது என்று ஆரம்பிக்கும் ஏக்கம் எதுவும் இல்லாமல்தான் இதில் வந்து விழுந்தேன். காரணம் ஒரு ஹெட்போன்: சென்ஹைசர் ஹெச்டி 650, மின்தடை 300 ஓம். நான் பிழை திருத்தும் வேலை செய்பவன். பாட்டு கேட்பது இரவு பத்துக்கு மேல், ஒரு கையில் பேனாவோடு. லேப்டாப்பில் இந்த ஹெட்போனைச் செருகி, சத்தத்தை முழுசாக வைத்தாலும் பாடகர் பக்கத்து அறையில்தான் இருப்பார். ஒரு ஆம்ப் வேண்டியிருந்தது. 300 ஓம் ஹெட்போனுக்கு வால்வு ஆம்ப் நன்றாகச் சேரும் என்று எல்லோரும் சொன்னார்கள். அது உண்மைதான், அதற்குக் காரணமும் உண்டு.

வால்வு வோல்ட்டைச் சுலபமாகக் கொடுக்கும், கரண்ட் கொடுக்கத்தான் திணறும். அதனால் ஸ்பீக்கருக்கான வால்வு ஆம்புகளில் நடுவே ஒரு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இருந்து, அதிக வோல்ட்டைக் குறைந்த வோல்ட்டாகவும் அதிகக் கரண்டாகவும் மாற்றிக்கொடுக்கும். ஓம் அதிகமுள்ள ஹெட்போனுக்கு அவ்வளவு கரண்ட் வேண்டாம் என்பதால் அந்த டிரான்ஸ்ஃபார்மரையே எடுத்துவிட்டு, ஒரு பெரிய கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சாமான்) வழியாக வால்விலிருந்து நேராக ஹெட்போனுக்கு அனுப்புவது ஓடிஎல் (அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்லெஸ்) எனப்படும் வகை. என்னுடைய இரண்டும் அதுதான். முன்னால் 6எஸ்என்7 என்னும் வால்வு ஒன்று, பின்னால் 6ஏஎஸ்7 என்னும் பெரிய வால்வு ஒன்று. வேடிக்கை என்னவென்றால் இந்த 6ஏஎஸ்7 பாட்டுக்காகப் பிறந்ததே இல்லை. பவர் சப்ளைகளில் வோல்ட்டைச் சீராக வைத்திருப்பதற்காகச் செய்த வால்வு அது. வால்வை உள்ளிருந்து சூடாக்கும் ஹீட்டர் மட்டுமே 6.3 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் குடிக்கும். அதாவது ஒரு ஸ்வரம் வருவதற்கு முன்பே கிட்டத்தட்ட 16 வாட் சூடாகப் போய்விடும். இந்தச் சூட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆம்பின் கதை முழுக்க இந்தச் சூட்டின் கதைதான்.

பழையதை ஒரு பெரியவரிடமிருந்து வாங்கினேன். புதியதன் விலையில் பாதிகூட இல்லை. நன்றாகத்தானே பாடுகிறது, ஏன் சார் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "எனக்கு இப்ப மேல ஸ்தாயி கேக்கறதில்ல தம்பி. ஜால்ரா அடிக்கிறது கண்ணுக்குத் தெரியுது, சத்தம் வரல. இனிமே இது எதுக்கு?" என்றார். வால்வுகளைக் கழற்றி, ஒவ்வொன்றையும் பழைய பனியன் துணியில் சுற்றி, தனி டப்பாவில் போட்டுக் கொடுத்தார். பார்சலில் வால்வு ஆம்ப் வாங்குகிறவர்கள் இதை விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டும். சாக்கெட்டில் இருந்தபடியே அனுப்பினால் வால்வு உடையும், இல்லையென்றால் சாக்கெட் தளரும்.

முதல் மூன்று வாரம் ஆம்பில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் அதிகம் கேட்பது கர்நாடக வாய்ப்பாட்டு. அந்த வாரங்களில் கேட்டதெல்லாம் ஒரு கட்டை சுருதியில் (மேற்கத்திய 'சி') பாடும் ஒரு வித்வானின் கச்சேரிப் பதிவுகள். தம்புரா ரொம்பச் செழிப்பாக இருந்தது. இந்த ஆம்ப் வந்ததால்தான் தம்புராவின் கீழ்ப் பஞ்சமம் ('ப' ஸ்வரம்) இப்படி நிறைந்து நிற்கிறது என்று நண்பனிடம் பெருமையடித்துக்கொண்டேன். ஒரு நாள் பாட்டை நிறுத்திவிட்டு ஹெட்போனைக் கழற்ற மறந்து உட்கார்ந்திருந்தேன். பாட்டு நின்றுவிட்டது, பஞ்சமம் நிற்கவில்லை.

ஒரு கட்டை சுருதியில் தம்புராவின் கீழ்ப் பஞ்சமம் சுமார் 98 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் ஆம்பில் மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் தளர்ந்தால் வரும் 'ஹம்' என்னும் விடாத உறுமல் 100 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் இரண்டே ஹெர்ட்ஸ் வித்தியாசம். சேர்ந்து ஒலிக்கும்போது நொடிக்கு இரண்டு முறை மெல்ல ஏறி இறங்கும் ஓர் அசைவு வரும். மூன்று வாரமாக நான் ரசித்த 'செழிப்பு' அதுதான். இரைச்சல் பஞ்சமத்துக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தது. நான் இரண்டு கட்டையில் பாடும் ஒருவரைக் கேட்டிருந்தால் முதல் நாளே மாட்டியிருக்கும்.

ஹம்மில் இரண்டு வகை உண்டு என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், பழைய ஆம்ப் பார்க்கப்போகிறவர்களுக்கு உதவும். 50 ஹெர்ட்ஸில் ஆழமாக, மொத்தையாக உறுமினால் ஹீட்டருக்குப் போகும் ஏசி மின்சாரமோ எர்த் இணைப்போ காரணமாக இருக்கும். அதைவிட ஒரு ஸ்தாயி மேலே, 100 ஹெர்ட்ஸில், ரம்பம் போலக் கொஞ்சம் கரகரப்போடு வந்தால் ஏசியை டிசி ஆக்கிய பிறகு அதைச் சீராக்கும் கெப்பாசிட்டர்களைச் சந்தேகப்பட வேண்டும். மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்றால் இவை 60, 120 என்று வரும். வால்யூமைத் திருகினாலும் அளவு மாறாத ஹம் ஆம்புக்கு உள்ளிருந்து வருவது. வால்யூமோடு சேர்ந்து ஏறினால் முன்னால் இருக்கும் கருவியையோ கேபிளையோ பாருங்கள்.

எனக்குச் சால்டரிங் சுமாராக வரும். ஆனால் வால்வு ஆம்புக்குள் கை வைக்கும் அளவுக்குத் தைரியம் கிடையாது, இருக்கவும் கூடாது. பவர் சப்ளை வேலை தெரிந்த நண்பனைக் கூப்பிட்டேன். பிளக்கைப் பிடுங்கி, அடித்தகட்டைக் கழற்றி, மல்டிமீட்டரை வைத்தான். பிளக் வெளியே கிடக்கிறது, மீட்டர் 140 வோல்ட் காட்டுகிறது. நான் உள்ளே எட்டிப் பார்த்து ஏதோ சுட்டிக்காட்டப் போனேன். "டேய், கைய எடு. பாக்கெட்ல போடு" என்றான். அவனும் இடது கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஒற்றைக் கையால் ஒரு ரெசிஸ்டரை வைத்துக் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை வடித்தான். இரண்டு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கும்; அதற்குத்தான் அந்தப் பாக்கெட்.

இரண்டு பெரிய கெப்பாசிட்டர்கள். மேலே 0823 என்று அச்சு: 2008-ஆம் வருடம், 23-ஆம் வாரம். ஒன்றின் தலை லேசாக உப்பியிருந்தது, விரலால் தடவினால்தான் தெரியும். அதைவிட முக்கியம் அது நின்ற இடம். 6ஏஎஸ்7 சாக்கெட்டிலிருந்து இரண்டு விரல் தூரம். கெப்பாசிட்டரில் 85 டிகிரி என்று போட்டிருந்தது. இந்த வகைச் சாதாரணக் கெப்பாசிட்டருக்கு 85 டிகிரியில் 2,000 மணி நேரம் ஆயுள் என்று உத்தரவாதம் கொடுப்பது வழக்கம். பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொதுக் கணக்கு. உள்ளே 65 டிகிரி என்று வைத்தால் 8,000 மணி நேரம். தினம் நான்கு மணி நேரம் கேட்டால் ஐந்தரை வருடம். பெரியவர் நிதானமாகக் கேட்டிருக்கிறார் போலும், இல்லையென்றால் இத்தனை நாள் தாங்கியிருக்காது.

நண்பன் அதே அளவில் 105 டிகிரி, 5,000 மணி நேர வகையைப் போட்டான். அதே 65 டிகிரியில் இதற்குக் கணக்கு 80,000 மணி நேரம். பத்து மடங்கு. இரண்டு வகைக்கும் விலை வித்தியாசம் மொத்த ஆம்பின் விலையோடு ஒப்பிட்டால் தூசு. இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. வால்வு தேய்ந்தால் எவனும் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு செருகலாம், அதற்குத்தானே சாக்கெட். ஆனால் வால்வு ஆம்ப் செத்துப்போனது என்று மூலையில் போடுபவற்றில் பல, வால்வு நன்றாக இருந்தும் இந்த மாதிரிச் சில்லறைச் சாமானால் செத்தவைதான். பழசு வாங்கும்போது எல்லோரும் வால்வின் பிராண்டைக் கேட்கிறார்கள். கெப்பாசிட்டர் மாற்றியாயிற்றா என்று நானும் கேட்கவில்லை.

கெப்பாசிட்டர் மாறியதும் ஹம் போனது. தம்புரா மெலிந்தது. இரண்டு நாள் எனக்கு அந்தப் பழைய ஹம் தேவலை என்றிருந்தது, அது வேறு.

அடித்தகடு திறந்திருக்கும்போதே நண்பன் ஹீட்டர் வோல்ட்டையும் அளந்தான். 6.3 இருக்க வேண்டிய இடத்தில் 6.8. டிரான்ஸ்ஃபார்மர் 220 வோல்ட்டுக்குச் சுற்றியது. வீட்டுச் சுவரில் அன்று வந்தது 238. ஹீட்டருக்குப் பத்து சதவீதம் வரை ஏறலாம் என்பது பொதுவான எல்லை, அதாவது 6.93. எல்லைக்குள்தான், ஆனால் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டு சிறிய ரெசிஸ்டர்களைத் தொடராகப் போட்டு 6.4-க்கு இறக்கினான். பழைய ஆம்பின் பின்புறத்தில் எழுதியிருக்கும் வோல்ட்டை வாங்குவதற்கு முன் படியுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். 220-ஐ 240-இல் போட்டால் வால்வின் ஆயுள் குறையும், அவ்வளவுதான். 115 வோல்ட் ஆம்பை 230-இல் செருகினால் முதல் நிமிடமே புகை.

வால்யூம் பொத்தான் கரகரத்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை முன்னும் பின்னும் திருகியதில் சரியானது. சரியாகவில்லை என்றால் கவலைப்பட வேண்டும்: அதன் மேல் டிசி வோல்ட் கசிகிறது, எங்கோ ஒரு கெப்பாசிட்டர் ஒழுகுகிறது என்று சந்தேகிக்கலாம்.

இப்போது புதியது. முதலில் தெரிவது மௌனம். ஸ்விட்சைப் போட்டால் நாற்பது நொடி ஒன்றும் நடக்காது, அப்புறம் உள்ளே ரிலே என்னும் தானியங்கி ஸ்விட்ச் ஒன்று 'டிக்' என்னும், அதற்குப் பிறகுதான் ஹெட்போனுக்குச் சத்தமே போகும். பழையதில் இந்த ரிலே கிடையாது. ஹெட்போன் செருகியபடியே ஆன் செய்தால், அவுட்புட் கெப்பாசிட்டர் நிரம்பும்போது காதில் 'டப்' என்று ஒரு குத்து விழும். ஆன் செய்து ஒரு நிமிடம் பொறுத்து, வால்யூமைக் குறைத்துவிட்டு ஹெட்போனைச் செருகுவது என்று பழகிக்கொண்டேன். வீட்டில் வேறு யாராவது தொட்டால் இந்தப் பழக்கம் அவர்களுக்கு இருக்காது. இந்த ஒரு ரிலேக்காகவே புதியது வாங்கலாம் என்று சொல்பவரோடு நான் சண்டை போடமாட்டேன்.

ஹீட்டருக்கு ஏசிக்குப் பதில் டிசி, வட்டமான டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர், எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்று மாற்றும் கெயின் ஸ்விட்ச், மூன்று முள் எர்த் இணைப்பு, முன்பக்கம் 4.4 மில்லிமீட்டர் ஜாக். கடைசியாகச் சொன்னதில் ஏமாந்துவிடாதீர்கள். இந்த ஜாக்கைப் பார்த்தால் பேலன்ஸ்டு ஆம்ப் என்று தோன்றும். பேலன்ஸ்டு என்றால் ஒவ்வொரு காதுக்கும் இரண்டு ஆம்ப், மொத்தம் நான்கு வேண்டும். என்னுடையதில் உள்ளே இருப்பது இரண்டே இரண்டு; 4.4 ஜாக்கின் இரண்டு நெகட்டிவ் கம்பிகளும் சாதாரண 6.35 ஜாக்கின் கிரவுண்டோடுதான் சேர்கின்றன. பிளக் பொருந்துவதற்கு ஒரு வசதி, வேறொன்றும் இல்லை. விளம்பரத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை.

உண்மையான மாற்றம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது: அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது சத்தம் வெளியே வரும் வழியில் ஆம்புக்குள்ளேயே இருக்கும் தடை. இதை வீட்டிலேயே அளக்கலாம். 400 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஹெட்போன் இல்லாமல் ஜாக்கில் சரியாக 1 வோல்ட் வரும்படி வால்யூமை வையுங்கள். அப்புறம் ஜாக்கின் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு மறுபடி அளங்கள். பழையதில் 1 வோல்ட் 0.47-க்கு விழுந்தது; கணக்குப் போட்டால் 113 ஓம். புதியதில் 0.74, அது 35 ஓம். புதியதில் நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியே போவதில் ஒரு பங்கை உள்ளே திருப்பிவிட்டுத் திருத்தும் முறை) சேர்த்திருக்கிறார்கள், அதன் வேலை இது.

இந்த எண் ஏன் முக்கியம்? ஹெச்டி 650-க்கு 300 ஓம் என்று எழுதியிருந்தாலும் 80, 90 ஹெர்ட்ஸ் பக்கம் அது சுமார் 500 ஓம் வரை ஏறும். ஆம்பின் 113 ஓமோடு அது பங்கு போட்டுக்கொள்ளும்போது அந்த இடத்தில் மட்டும் ஹெட்போனுக்குக் கொஞ்சம் அதிகப் பங்கு கிடைக்கும். கணக்கு போட்டால் பழையதில் சரியாக ஒரு டெசிபல் மேடு. புதியதில் அரை டெசிபல்கூட இல்லை. 'வால்வின் கதகதப்பு' என்று பக்கம் பக்கமாக எழுதப்படுவதில் கணிசமான பங்கு இந்த ஒரு டெசிபல்தான் என்பது என் அபிப்பிராயம். மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது தாழ்ந்த ஒலி வரும் பக்கத்தில், அது தெளிவாகக் கேட்கும். பழையதில் கும்கி நாதம் ஒரு சுற்று பருத்து, ஒரு கணம் கூடுதலாக நின்று போகும். புதியதில் அடித்த கையை எடுத்ததும் நிற்கும். இரண்டில் எது சரி என்று கேட்டால் புதியது. எது பிடிக்கிறது என்று கேட்டால், இரவு பதினொன்றுக்கு, பழையது.

ஆனால் இந்தத் தீர்ப்பையும் நான் சோதிக்காமல் நம்பவில்லை. கொஞ்சம் சத்தமாக இருப்பது எப்போதும் நன்றாக இருப்பது போலக் கேட்கும். அதனால் இரண்டு ஆம்பையும் மீட்டர் வைத்து ஒரு சதவீதத்துக்குள் சமமாக்கினோம். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன், நண்பன் மாற்றி மாற்றிச் செருகினான். மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தில் பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் சொன்னேன். வயலின் ஆலாபனையில் பத்துக்கு ஐந்து. காசைச் சுண்டிப் போட்டாலும் ஐந்து வரும். மேல் ஸ்தாயியின் பட்டுத்தன்மை, காற்றோட்டம், மேடை ஆழம் என்று நான் அதுவரை நோட்டில் எழுதிவைத்திருந்த வார்த்தைகளையெல்லாம் அன்று அடித்துவிட்டேன். பிழை திருத்துபவனுக்கு அது கை வந்த கலை.

குறைந்த ஓம் ஹெட்போன் என்றால் பேச்சே மாறிவிடும். 32 ஓம் ஹெட்போனைப் பழையதில் செருகினால் ஆம்ப் கொடுக்கும் வோல்ட்டில் 22 சதவீதம்தான் ஹெட்போனுக்கு; மிச்சம் ஆம்புக்குள்ளேயே கரைந்துவிடும். புதியதில் 48 சதவீதம். காந்தங்களுக்கு நடுவே மெல்லிய தட்டைப் படலம் அதிரும் பிளேனர் ஹெட்போன்களுக்கு வோல்ட்டைவிடக் கரண்டுதான் அதிகம் வேண்டும். என் தங்கையின் பிளேனரைப் பழையதில் போட்டோம். "அண்ணா, இது பாடுதா, மூச்சு விடுதா?" என்று கேட்டாள். புதியதில் பரவாயில்லை, ஆனால் சத்தம் ஏற்றினால் திணறல் தெரிகிறது. அவளுக்குச் சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப் போதும், அதைத்தான் சொன்னேன்.

புதியதில் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. வால்வுக்கு அடியில் ஆரஞ்சு எல்இடி வைத்திருக்கிறார்கள். ஹீட்டரின் இயல்பான ஒளி போதாதாம். வால்வு எரியாமல் போனாலும் ஒளி மட்டும் எரியும். வால்வு வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளும் ஒரே வழியையும் கெடுத்துவிட்டார்கள். விலை மலிந்த ஆம்புகளில் இது இன்னும் மோசம். அடுத்து, பழையதில் சாக்கெட்டுகள் இரும்புத் தகட்டில் திருகாணி போட்டு இறுக்கப்பட்டவை. புதியதில் போர்டின் மேல் நேராகச் சால்டர் செய்திருக்கிறார்கள். எட்டு முள் வால்வை ஆட்டிப் பிடுங்கும் ஒவ்வொரு முறையும் போர்டு வளைவதைக் கண்ணால் பார்க்கலாம். அடிக்கடி வால்வு மாற்றிப் பார்ப்பவர் கையில் இந்தச் சாக்கெட் எத்தனை வருடம் தாங்கும்? பழையதில் ஒவ்வொரு சாமானையும் விரலால் தொட்டு எண்ணலாம், எந்த ரேடியோ மெக்கானிக்கும் பின்தொடர்ந்து பார்க்க முடியும். புதியதில் ரிலேயை நடத்தும் சின்னப் போர்டு ஒன்று போனால் நிறுவனத்துக்குத்தான் எழுத வேண்டும்.

வால்வுகளைப் பொறுத்தவரை பழசு புதுசு வித்தியாசம் இல்லை, இரண்டும் ஒரே தீனிதான் தின்கின்றன. இன்று பெரிய அளவில் புது வால்வு செய்யும் தொழிற்சாலைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்: ரஷ்யாவின் சரட்டோவ், ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, பிறகு சீனாவில் சில. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியபோது என்னைப் போன்றவர்கள் அரிசி மூட்டை வாங்குவது போல வால்வு வாங்கிப் பதுக்கினோம். தடை பிறகு தளர்ந்தது. என் டிராயரில் இன்னும் மூன்று 6எஸ்என்7 பிரிக்காமல் கிடக்கிறது. அந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டால் ஆம்பின் குணம் மாறுமா என்றால், ஹம்மும் இரைச்சலும் வேறுபடும், மற்றபடி நான் மேலே சொன்ன ஒரு டெசிபல் அளவுக்குக்கூட எதுவும் மாறவில்லை.

எல்லா இடத்திலும் பழசு பாதிக்குப் பாதி ஈடு கொடுக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஷீட் நிறுவனத்தின் வாலி என்னும் ஹெட்போன் ஆம்ப் நல்ல உதாரணம். 2013-இல் வந்த முதல் வாலியில் பென்சில் பருமனே உள்ள குட்டி வால்வுகள், போர்டோடு சால்டர் செய்தவை. மேசையைத் தட்டினால் காதில் மணி அடிக்கும். வால்வு போனால் சால்டரிங் அயர்னை எடுக்க வேண்டியதுதான். வாலி 2-இல் சாக்கெட் வந்துவிட்டது, வால்வை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். அப்படிப்பட்ட இடத்தில் பழசைத் தேடிப் போவதில் அர்த்தமே இல்லை. அதேபோல 2015-இல் இசைக்கருவிகள் செய்யும் ஜப்பானிய நிறுவனம் கோர்க் அறிவித்த நியூட்யூப், பார்க்க டிஸ்பிளே போல இருக்கும் ஒரு தட்டையான வால்வு. மிகக் குறைந்த மின்சாரம், கையில் எடுத்துப்போகும் பிளேயரில்கூட வைக்க முடிகிறது. அதற்குப் பழைய பதிப்பு என்று ஒன்றே கிடையாது.

ஓடிஎல்லில் பழசு வாங்குவதானால் ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு நேரில் போங்கள். போகும்போது ஆம்ப் சூடில்லாமல் இருக்க வேண்டும். ஏற்கெனவே ஆன் செய்து வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். வால்வின் தலையில் உள்ளே வெள்ளிப் பூச்சு இருக்கும். அது பால் போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு முடிந்தது. ஆன் செய்து ஐந்து நிமிடம் பாட்டே போடாமல் ஹெட்போனில் வெறும் மௌனத்தைக் கேளுங்கள், விற்பவர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை. பென்சிலின் ரப்பர் முனையால் வால்வை மெல்லத் தட்டுங்கள். லேசாக டிங் என்றால் சகஜம், நீண்டு ஒலித்தால் வால்வு மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். வால்யூமை மிகக் கீழே வைத்து இரண்டு காதிலும் சமமாக வருகிறதா பாருங்கள். அரை மணி நேரம் கழித்து டிரான்ஸ்ஃபார்மர் மேல் கை வையுங்கள். வால்வு சுடும், தொடவே கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் மேல் கை வைத்துப் பத்து எண்ண முடியவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். கெப்பாசிட்டரும் வால்யூமும் யாராலும் மாற்றித்தர முடியும், எரிந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு மாற்று கிடைப்பது கஷ்டம்.

300 ஓமோ 600 ஓமோ ஹெட்போன் வைத்திருந்து, சால்டரிங் தெரிந்த ஒரு ஆள் கூப்பிடும் தூரத்தில் இருந்தால் பழசை வாங்குங்கள். கெப்பாசிட்டர் மாற்றும் செலவை விலையிலேயே சேர்த்துக் கணக்குப் பாருங்கள். அந்த ஆள் இல்லையென்றால், அல்லது வீட்டில் சின்னக் குழந்தை இருந்து கை வைக்கும் என்றால், புதியதுதான். கொஞ்சம் அதிகம் கொடுத்தாலும் ரிலேக்கும் எர்த்துக்கும் கொடுத்ததாக இருக்கட்டும். 32 ஓம் ஹெட்போனோடு இந்தப் பக்கமே வர வேண்டாம்.

போன வாரம் அந்தப் பெரியவர் போன் செய்து ஆம்ப் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். கெப்பாசிட்டர் மாற்றியதைச் சொன்னேன், ஹம் போய்விட்டதையும் சொன்னேன். "ஹம்மா? அதுல ஹம் இருந்துதா தம்பி?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் அது தம்புரான்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."